கம்ப்யூட்டர் திரையை டிவியில் காட்ட... வயர் வேண்டாம்!

சென்ற ஆண்டு தீபாவளிக்கு உறவினர்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். ஊரில் நடந்த தங்கை மகள் திருமணத்தின் போட்டோக்களும் வீடியோவும் என் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருந்தன. 18.5 அங்குல மானிட்டரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் யாருக்கு என்ன தெரியும்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்த அம்மா, "எனக்கு ஒண்ணும் தெரியலைப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கூடத்தில் 43 அங்குல டிவி சும்மா நின்று கொண்டிருந்தது. அதன் திரைப் பரப்பு என் மானிட்டரைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் கம்ப்யூட்டர் இருப்பது உள் அறையில். அங்கிருந்து கூடத்திற்கு எச்.டி.எம்.ஐ. கேபிள் இழுத்தால் வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லாம் தடுக்கி விழுவார்கள்.

மறுநாளே கடைக்குச் சென்று, வயர் இல்லாமல் கம்ப்யூட்டர் திரையை டிவியில் காட்டும் சாதனம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். டிவியின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் செருகினேன். டிவி தயார் என்றது. கம்ப்யூட்டர்தான் முடியாது என்றது. இதில் மிராகாஸ்ட் இயங்காது என்ற பொருளில் செய்தி ஒன்றைக் காட்டியது. காரணம் மிக எளிது. என் டெஸ்க்டாப்பில் வை-பி வசதியே கிடையாது; மோடத்திலிருந்து கேபிள் மூலமாகத்தான் இன்டர்நெட் வருகிறது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திரும்ப எடுத்துக் கொள்ளவில்லை. வாங்கிய சாதனம் பொங்கல் வரை மேஜை டிராயரில் தூங்கியது.

தவறு சாதனத்தில் இல்லை; எதுவும் பார்க்காமல் வாங்கிய என்னிடம்தான். "வயர்லெஸ் டிஸ்பிளே" என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே தொழில் நுட்பத்தின் பெயர் அல்ல. ஒன்றோடொன்று ஒத்துப் போகாத மூன்று வழிகள் அதற்குள் இருக்கின்றன. உங்கள் கம்ப்யூட்டருக்கு எந்த வழி தெரியும், உங்கள் டிவிக்கு எந்த வழி தெரியும் என்று அறிந்து கொண்டால் போதும். பலருக்குப் பணமே செலவாகாது. அதை இங்கு பார்ப்போம்.

திரையை அனுப்புவதா, வீடியோவை அனுப்புவதா?

முதலில் இந்த வேறுபாட்டைப் புரிந்து கொள்ள வேண்டும். முதல் வகையில், கம்ப்யூட்டர் தன் திரையில் தெரிவதை எல்லாம் தொடர்ந்து படம் பிடித்து, சுருக்கி, டிவிக்கு அனுப்புகிறது. மவுஸ் கர்சர் நகர்வது கூட டிவியில் தெரியும். இதனை மிரரிங் என்கிறார்கள்.

இது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 x 1080 திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட்கள் தேவை. வினாடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு வினாடியில் ஏறக்குறைய 300 கோடி பிட்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள் இதனை அப்படியே எடுத்துச் செல்லும். வீட்டு வை-பி இணைப்பினால் முடியாது. எனவே கம்ப்யூட்டர் இதனை நூறில் ஒரு பங்கிற்கும் குறைவாகக் கூடச் சுருக்கி அனுப்புகிறது. டிவி அதனை விரித்துக் காட்டுகிறது. சுருக்கவும் விரிக்கவும் நேரம் பிடிப்பதால்தான் நீங்கள் மவுஸை நகர்த்தியபின் சற்றுத் தாமதமாக டிவியில் கர்சர் நகர்கிறது. வயர்லெஸ் இணைப்பில் எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதற்கும் இந்தச் சுருக்கம்தான் பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது வகையில் திரை அனுப்பப்படுவதில்லை. யு-ட்யூப் போன்ற தளத்தில் வீடியோ பார்க்கும்போது அதிலேயே உள்ள காஸ்ட் ஐகானில் கிளிக் செய்தால், "இந்த முகவரியில் இந்த வீடியோ இருக்கிறது, நீயே எடுத்துக் கொள்" என்ற தகவல் மட்டும் டிவிக்குச் செல்கிறது. டிவியே இன்டர்நெட்டில் இருந்து நேரடியாக வீடியோவைப் பெற்றுக் காட்டுகிறது. படம் தெளிவாக இருக்கும், தடங்கல் குறைவு. லேப்டாப்பை மூடி வைத்தாலும் வீடியோ ஓடிக் கொண்டிருக்கும்.

எனவே போட்டோ, பாடம், எக்ஸெல் கணக்கு, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைல்கள் இவற்றைக் காட்ட முதல் வகை. இன்டர்நெட்டில் உள்ள சினிமா, பாட்டு இவற்றிற்கு இரண்டாவது வகை. இதை மாற்றிச் செய்துவிட்டு "படம் விட்டு விட்டு வருகிறது" என்று குறைப்படுபவர்கள் நிறையப் பேர்.

மூன்று வழிகள்

1. மிராகாஸ்ட்: வை-பி சாதனங்களுக்கான விதிமுறைகளை வகுக்கும் வை-பி அலையன்ஸ் அமைப்பு 2012ல் கொண்டு வந்தது. கம்ப்யூட்டரும் டிவியும் நடுவில் ரூட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசிக் கொள்ளும். வீட்டில் இன்டர்நெட் இணைப்பே இல்லை என்றாலும் இயங்கும். 2013ல் வந்த விண்டோஸ் 8.1 முதல் இது விண்டோஸ் சிஸ்டத்துடனேயே தரப்படுகிறது. விண்டோஸ் 7ல் இல்லை. இன்டெல் நிறுவனம் 2010ல் வை-டி என்ற பெயரில் இதே போன்ற வசதியைத் தந்தது. மிராகாஸ்ட் பரவிய பின் 2016ல் அதனைக் கைவிட்டுவிட்டது. பழைய லேப்டாப்பில் வை-டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதனை மட்டும் நம்பி எதுவும் வாங்க வேண்டாம்.

2. கூகுள் காஸ்ட்: 2013ல் கூகுள் வெளியிட்ட குரோம்காஸ்ட் என்ற சிறிய சாதனத்துடன் வந்தது. அந்தச் சாதனத்தின் தயாரிப்பை 2024ல் கூகுள் நிறுத்திவிட்டாலும், தொழில் நுட்பம் தொடர்கிறது. ஆண்ட்ராய்ட் டிவி, கூகுள் டிவி சிஸ்டத்தில் இயங்கும் டிவிக்களில் இது உள்ளேயே இருக்கும். கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசர் இருந்தால் போதும். ஆனால் இரண்டும் வீட்டின் ஒரே ரூட்டரில் இணைந்திருக்க வேண்டும்.

3. ஏர்ப்ளே: ஆப்பிள் நிறுவனத்தின் வழி. 2010ல் வந்தது. மேக் கம்ப்யூட்டரின் திரையை அனுப்பும் வசதி 2012ல் சேர்ந்தது. ஆப்பிள் டிவி என்னும் பெட்டி மட்டுமின்றி, 2019 முதல் சாம்சங், எல்.ஜி., சோனி போன்ற நிறுவனங்களின் பல டிவி மாடல்களிலும் கிடைக்கிறது. மேக் கம்ப்யூட்டரில் மிராகாஸ்ட் கிடையாது என்பதனை நினைவில் கொள்ளவும்.

டிவி நிறுவனங்கள் இவற்றிற்குத் தங்கள் விருப்பப்படி பெயர் வைத்து நம்மைக் குழப்புகின்றன. ஸ்கிரீன் மிரரிங், ஸ்கிரீன் ஷேர், ஸ்மார்ட் வியூ என்றெல்லாம் இருக்கும். பெயரைப் பார்க்காமல், டிவியுடன் வந்த கையேட்டில் மேலே சொன்ன மூன்றில் எது குறிப்பிடப்பட்டுள்ளது என்று பாருங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மிராகாஸ்ட் இயங்குமா என்று அறிய, விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். கிடைக்கும் ரன் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். டைரக்ட் எக்ஸ் சோதனைக்கான விண்டோ கிடைக்கும். அதன் கீழாக உள்ள "சேவ் ஆல் இன்பர்மேஷன்" பட்டனை அழுத்தினால், எல்லாத் தகவல்களும் டெக்ஸ்ட் பைலாகப் பதியப்படும். அந்தப் பைலைத் திறந்து மிராகாஸ்ட் என்ற சொல்லைத் தேடவும். அதன் எதிரே "அவைலபிள்" என்று இருந்தால் கவலை இல்லை. "நாட் அவைலபிள்" என்றோ, கிராபிக்ஸ் டிரைவர் ஏற்கவில்லை என்றோ இருந்தால், முதலில் லேப்டாப் நிறுவனத்தின் இணைய தளத்தில் இருந்து கிராபிக்ஸ் மற்றும் வை-பி டிரைவர்களைப் புதுப்பித்துப் பார்க்கவும். இரண்டு டிரைவர்களும் ஒத்துழைத்தால்தான் மிராகாஸ்ட் இயங்கும்.

என்னைப் போல வை-பி இல்லாத டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு மிராகாஸ்ட் இல்லை. யு.எஸ்.பி. வை-பி அடாப்டர் வாங்கிச் செருகலாம் என்றால், எல்லா அடாப்டர்களும் மிராகாஸ்ட்டை ஏற்பதில்லை. பெட்டியின் மேல் அது குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டுமே வாங்கவும். அதைவிட எளிய வழி கூகுள் காஸ்ட். கம்ப்யூட்டர் கேபிள் மூலமும் டிவி வை-பி மூலமும் ஒரே ரூட்டரில் இணைந்திருந்தால் அது இயங்கும். இது தெரிந்திருந்தால் நான் வேறு சாதனம் வாங்கியிருப்பேன்.

இணைப்பது எப்படி?

டிவியின் மெனுவில் ஸ்கிரீன் மிரரிங் அல்லது அது போன்ற வசதியைத் திறந்து வைக்கவும். பயர் டிவி ஸ்டிக் வைத்திருந்தால், பல மாடல்களில் ரிமோட்டின் ஹோம் பட்டனைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் மிரரிங் என்ற பிரிவு கிடைக்கும். பின்னர் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயுடன் கே கீயை அழுத்தவும். திரையின் வலது பக்கம் அருகில் உள்ள டிவிக்களின் பெயர்கள் காட்டப்படும். உங்கள் டிவியின் பெயரில் கிளிக் செய்திடவும். முதல் முறை மட்டும் டிவியில் தோன்றும் எண்ணைக் கம்ப்யூட்டரில் டைப் செய்யவோ, ரிமோட்டில் அனுமதி தரவோ வேண்டியதிருக்கலாம். சில வினாடிகளில் திரை டிவியில் தெரியும். இணைப்பை நீக்க மீண்டும் இதே கீகளை அழுத்தி "டிஸ்கனெக்ட்" கிளிக் செய்திடவும்.

அடுத்து, விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தவும். நான்கு பிரிவுகள் கிடைக்கும். "டூப்ளிகேட்" என்றால் இரண்டிலும் ஒரே காட்சி. "எக்ஸ்டெண்ட்" என்றால் டிவி இரண்டாவது மானிட்டராகச் செயல்படும். நீங்கள் டிவிப் பக்கம் இழுத்துச் செல்லும் விண்டோ மட்டும் அங்கு தெரியும். "செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி" என்றால் டிவியில் மட்டும் காட்சி. "பிசி ஸ்கிரீன் ஒன்லி" பழைய நிலை. 1366 x 768 திரை கொண்ட லேப்டாப்பில் டூப்ளிகேட் தேர்ந்தெடுத்தால், டிவியிலும் அந்த அளவுப் படமே பெரிதாக்கப்பட்டு மங்கலாகத் தெரியலாம். எக்ஸ்டெண்ட் அல்லது செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி தேர்ந்தெடுத்து, டிஸ்பிளே செட்டிங்ஸில் டிவிக்கு 1920 x 1080 அமைத்தால் தெளிவு கூடும். எழுத்துகள் சிறிதாகத் தெரிந்தால், அங்கேயே ஸ்கேல் என்பதனை 150 சதவீதமாக்கவும்.

மிராகாஸ்ட் இணைப்பில் இருக்கும்போது திரையின் மேலாகச் சிறிய பட்டை ஒன்று தோன்றும். அதன் கியர் ஐகானில் கிளிக் செய்தால் கேமிங், வொர்க்கிங், வாட்சிங் வீடியோஸ் என மூன்று நிலைகள் கிடைக்கும். கேமிங் நிலையில் தாமதம் குறையும். ஆனால் படம் தடுமாறலாம். வாட்சிங் வீடியோஸ் நிலையில் கொஞ்சம் படத்தைச் சேமித்து வைத்துக் கொண்டு காட்டுவதால் தாமதம் கூடும். படம் சீராக ஓடும். பலர் இதனைக் கவனிப்பதே இல்லை.

கூகுள் காஸ்ட் பயன்படுத்துவோர் குரோம் பிரவுசரின் மூன்று புள்ளி மெனுவில் "காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்" பிரிவில் உள்ள "காஸ்ட்" என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். சோர்சஸ் என்ற இடத்தில், அந்த டேப் மட்டுமா, முழுத் திரையுமா என முடிவு செய்திடலாம். மேக் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் சென்டர் சென்று ஸ்கிரீன் மிரரிங் என்பதில் கிளிக் செய்தால் போதும்.

பிரச்னைகளும் தீர்வுகளும்

சத்தம் கம்ப்யூட்டரில் வருகிறதா? டாஸ்க் பாரில் ஸ்பீக்கர் ஐகானில் கிளிக் செய்து, ஒலி வெளியேறும் சாதனமாக டிவியைத் தேர்ந்தெடுக்கவும்.

படம் விட்டு விட்டு வருகிறதா? உங்கள் ரூட்டரில் 2.4 மற்றும் 5 கிகா ஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் இருந்தால், லேப்டாப்பை 5ல் இணைக்கவும். 2.4 அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரூட்டர்கள், புளுடூத் சாதனங்கள், மைக்ரோவேவ் அடுப்பு என எல்லாம் குறுக்கிடும். 5 கிகா ஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிச் செல்வதில் பலவீனமானது. எனவே லேப்டாப், டிவி இரண்டும் ஒரே அறையில் இருப்பது நல்லது. ஒரே வை-பி சிப்தான் ரூட்டருடனும் டிவியுடனும் மாறி மாறிப் பேச வேண்டியுள்ளது. எனவே பெரிய பைல் டவுன்லோட் நடந்து கொண்டிருந்தால் நிறுத்தி வைக்கவும்.

டிவியின் பெயரே தெரியவில்லையா? வி.பி.என். புரோகிராம் இயங்கினால் நிறுத்திப் பார்க்கவும். கூகுள் காஸ்ட் என்றால், கம்ப்யூட்டர் ரூட்டரின் கெஸ்ட் இணைப்பில் இருக்கிறதா என்று பார்க்கவும். அதில் இருந்தால் டிவி கண்ணில் படாது. டிவியில் செருகும் சாதனம் அடிக்கடி அணைந்து எரிந்தால், டிவியின் யு.எஸ்.பி. போர்ட் தரும் மின்சாரம் அதற்குப் போதவில்லை. மொபைல் சார்ஜரில் இணைக்கவும்.

திரையின் ஓரங்கள் வெட்டப்படுகின்றனவா? பழைய டிவிக்கள் காலத்து ஓவர்ஸ்கேன் பழக்கம் இது. டிவியின் பிக்சர் மெனுவில் "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஸ்கிரீன் பிட்" என்பதனைத் தேர்ந்தெடுக்கவும்.

கட்டணத் தளங்களில் சினிமா மட்டும் கறுப்பாகத் தெரிகிறதா? இது பழுதல்ல. காப்பி எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. திரையை அனுப்பாமல், அந்தத் தளத்தின் காஸ்ட் ஐகானையோ டிவியில் உள்ள அதன் செயலியையோ பயன்படுத்தவும்.

இதற்கு நெட் செலவாகுமா என்று கேட்பவர்கள் பலர். மிரரிங் செய்வதற்கு இன்டர்நெட் டேட்டா செலவாவதில்லை. வீட்டிற்குள்ளேயே நடக்கும் போக்குவரத்து அது. நீங்கள் பார்க்கும் வீடியோ இன்டர்நெட்டில் இருந்து வந்தால், அதற்கு வழக்கமாகும் டேட்டா மட்டுமே.

மானம் போகாமல் இருக்க...

பொங்கலன்று மகளின் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்தேன், மிராகாஸ்ட் இருந்தது. டிராயரில் தூங்கிய சாதனத்திற்கு உயிர் வந்தது. போட்டோக்களை அதற்கு மாற்றி, என் மெயிலையும் திறந்து வைத்துவிட்டு, எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். தாலி கட்டும் போட்டோ 43 அங்குலத்தில் ஒளிர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் ஒரு நோட்டிபிகேஷன்: என் கடன் தவணை தேதி கடந்துவிட்டது, இவ்வளவு தொகை பாக்கி என்று. வீட்டில் யாரிடமும் நான் சொல்லாத கடன் அது. சித்தப்பா கண்ணாடி இல்லாமலேயே படித்துவிட்டார்.

எனவே இவற்றைக் கட்டாயம் செய்திடுங்கள். முதலில், டூப்ளிகேட் நிலையைத் தவிர்த்து எக்ஸ்டெண்ட் நிலையைப் பயன்படுத்துங்கள். அடுத்து, விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் சென்று, திரையை டூப்ளிகேட் செய்திடும்போது "டு நாட் டிஸ்டர்ப்" தானாக இயங்கும்படி அமைக்கவும். விண்டோஸ் 10ல் போகஸ் அசிஸ்ட் பிரிவில் இது உள்ளது. அந்தச் சிஸ்டத்திற்கான மைக்ரோசாப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டாலும் இந்த வசதி இயங்கும். மொபைல் போனைக் கம்ப்யூட்டருடன் இணைத்திருந்தால், வங்கியின் ஓ.டி.பி. எண் கூட டிவியில் தோன்றும். அந்த நேரத்திற்கு இணைப்பைத் துண்டிக்கவும்.

அடுக்கு மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நீங்கள் விண்டோஸ், கே கீகளை அழுத்தும்போது பக்கத்து வீட்டு டிவியின் பெயரும் பட்டியலில் வரும். ஒரே கம்பெனி டிவி என்றால் பெயரும் ஒன்று போலவே இருக்கும். தவறிக் கிளிக் செய்தால் உங்கள் திரை அவர்கள் கூடத்திற்குப் போய்விடலாம். டிவி செட்டிங்ஸில் உங்கள் டிவிக்குத் தனிப் பெயர் கொடுங்கள். புதிய சாதனம் ஒவ்வொன்றும் இணையும்போது அனுமதி கேட்கும்படி அமையுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் திரை உங்கள் டிவியில் வராமல் இருக்கவும் இதுவே வழி.

எப்போது வயர் நல்லது?

வேகமான கேம்ஸ் விளையாட, நாள் முழுவதும் டிவியையே மானிட்டராக வைத்து டைப் செய்ய, எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு ஈடு இல்லை. தாமதமும் இல்லை, மங்கலும் இல்லை. லேப்டாப்பை டிவி அருகே கொண்டு செல்ல முடியும் என்றால் ஒரு கேபிள் போதும். வேறு சாதனத்திற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. எச்.டி.எம்.ஐ. போர்ட் இல்லாத பழைய குழாய் டிவிக்கு கன்வர்ட்டர் வாங்கி இணைப்பது வீண். வீடியோ ஓரளவு தெரியும். எழுத்துகளைப் படிக்கவே முடியாது.

முதலில் சோதனை, பிறகு டிவியின் கையேடு, அதற்கும் பிறகுதான் கடை. இந்த வரிசையில் சென்றால் உங்கள் மேஜை டிராயரில் எதுவும் தூங்காது. பொங்கலன்று அம்மா சோபாவில் சாய்ந்தபடி ஒவ்வொரு போட்டோவையும் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். பின் வரிசையில் நின்றிருந்த தன் தோழியை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடனைப் பற்றி அவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் இந்த வார இறுதியில் முயற்சி செய்து பாருங்களேன். நோட்டிபிகேஷன்களை மட்டும் முதலில் நிறுத்திவிடுங்கள்.